அலர்ஜி தராத நாய் இனம் எது?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இரண்டு வருடமாக நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் என் கணவர் நாய் இருக்கும் வீட்டுக்குப் போனால் கால் மணி நேரத்தில் தும்ம ஆரம்பித்துவிடுவார். கண் சிவந்து அரிக்கும். சிறு வயதில் அவருக்கு ஆஸ்துமா இருந்தது. இப்போதும் சளி பிடித்தால் இன்ஹேலர் எடுக்க வேண்டியிருக்கிறது. பூடில், ஷி ஸு போன்றவை ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ நாய்கள், அவற்றால் அலர்ஜி வராது என்கிறார்கள். குட்டி விற்பவர் ஒருவர், பூடில் குட்டி தருகிறேன், 15 நாளில் ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா? எந்த இனம் எங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பணம் இப்போது கொடுக்காதீர்கள். நாயே வேண்டாம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஒரு நாய் வளர வழி இருக்கலாம். ஆனால் ‘எந்த இனம்’ என்று கேட்டுக்கொண்டு போனால் அந்த வழி தெரியாது. உங்கள் கணவருக்கு உண்மையில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது முதலில் தெரிய வேண்டும். அப்புறம், கண்ணெதிரே நிற்கும் ஒரு குறிப்பிட்ட நாய் அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இனத்தின் பெயர் அதற்குப் பின்னால்தான் வரும்.

நான் கால்நடை மருத்துவர். உங்கள் கணவருக்கான சிகிச்சையை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அலர்ஜி தராது என்று நம்பி வாங்கிய நாயைச் சில மாதம் கழித்துக் கூட்டிவந்து, “இதற்கு வேறு வீடு கிடைக்குமா டாக்டர்?” என்று கேட்டு நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாய் முடிதான் அலர்ஜி தருகிறது என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். முடி கொட்டாத நாயாகப் பார்த்து வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று அதனால்தான் தோன்றுகிறது. உண்மையில் தும்மலைக் கிளப்புவது முடி அல்ல, நாயின் உடம்பில் சுரக்கும் சில புரதங்கள். எச்சிலில் இருக்கின்றன, தோலில் இருக்கின்றன, சிறுநீரிலும் இருக்கின்றன. நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது எச்சில் முடியில் ஒட்டிக் காய்கிறது. தோலிலிருந்து மிக நுண்ணிய செதில்கள் நாள் முழுக்க உதிர்கின்றன. இந்தத் துகள்கள் காற்றில் நெடுநேரம் மிதந்து, சோஃபாவிலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் போய்ப் படிகின்றன. நாயே வராத பள்ளி வகுப்பறைகளின் தூசியில்கூட இந்தப் புரதங்களைக் கண்டிருக்கிறார்கள்; நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளின் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்தவை அவை. முடி இவற்றைச் சுமந்து செல்லும் வண்டி மாதிரி, அவ்வளவுதான். முடியே இல்லாத நாய்க்கும் எச்சில் உண்டு, தோல் உண்டு.

பூடிலுக்கு முடி அதிகம் கொட்டுவதில்லை என்பது உண்மை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் முடி எத்தனையோ விதமாக இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. முடி நீளமாக வளர்வது ஒன்றால், சுருள்வது இன்னொன்றால், முகத்தில் மீசையும் புருவமும் அடர்வது மூன்றாவதால். பூடிலின் முடி இவற்றின் சேர்க்கை. எச்சிலில் எந்தப் புரதம் எவ்வளவு சுரக்கும் என்பது வேறு கணக்கு. வீட்டில் முடி குறைவாகக் கிடக்கும், பெருக்குவது சுலபம். அந்தச் சௌகரியத்தை அலர்ஜிக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் ஒற்றை நாய் வளர்க்கும் 173 வீடுகளில், குழந்தை தூங்கும் அறையின் தரைத் தூசியை எடுத்து, நாய் அலர்ஜியில் முக்கியமான புரதத்தை அளந்தார்கள். அந்தப் புரதத்துக்கு ‘கேன் எஃப் 1’ என்று பெயர். 2011-இல் முடிவு வெளியானது: ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று சொல்லப்படும் நாய்கள் இருந்த வீடுகளுக்கும் மற்ற வீடுகளுக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பூடில், பூடிலும் லாப்ரடாரும் கலந்த லாப்ரடூடுல், ஏர்டேல் டெரியர், ஸ்பானிஷ் வாட்டர் டாக் ஆகியவற்றின் முடியை லாப்ரடார் முதலிய மற்ற நாய்களின் முடியோடு ஒப்பிட்டார்கள். அலர்ஜி தராதவை என்று பெயரெடுத்த நாய்களின் முடியில்தான் அந்தப் புரதம் அதிகமாக இருந்தது. வீட்டுக் காற்றில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தரைத் தூசியில் மட்டும் லாப்ரடூடுல் வீடுகளில் சற்றுக் குறைவாக இருந்தது. ஓர் இனத்தை ‘இது ஒன்றும் செய்யாது’ என்று சொல்லி விற்க இது போதாது.

‘ஹைப்போ’ என்றால் குறைவு என்றுதான் பொருள், இல்லை என்று பொருள் அல்ல. விற்கும்போது அந்தக் ‘குறைவு’ எப்படியோ ‘இல்லை’ ஆகிவிடுகிறது. 2009-இல் ஒபாமா குடும்பம், மகளுக்கு அலர்ஜி இருப்பதால், போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்தபோது இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. அந்த நாய் அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொண்டது என்பதை வைத்து, அந்த இனமே எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

லாப்ரடூடுல் பிறந்த கதையை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதை. 1980-களின் கடைசியில், ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் நாய் இனப்பெருக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தார். ஹவாய் தீவிலிருந்து பார்வைக் குறைபாடு உள்ள ஒரு பெண், தனக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் அலர்ஜி என்று எழுதினார். கான்ரன் முதலில் பூடில்களையே பழக்கிப் பார்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட பூடில்களில் ஒன்றுகூட அந்த வேலைக்குத் தேறவில்லை. பிறகுதான் பூடிலையும் லாப்ரடாரையும் கலந்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் அந்தக் கணவருக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்றில் ஒரே ஒரு குட்டிதான் அவருக்கு ஒத்துக்கொண்டது.

ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்றுக் குட்டிகள். ஒன்று ஒத்துக்கொண்டது, இரண்டு ஒத்துக்கொள்ளவில்லை. அலர்ஜி தராத நாய் என்ற பெயரோடு இன்று விற்கப்படும் இனத்தின் முதல் பிரசவத்திலேயே இதுதான் நடந்தது. கான்ரன் செய்தது சரியான காரியம்: இந்த நாய் இந்த மனிதருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் பரிசோதனையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கலப்பினத்தை உருவாக்கியதற்காகத் தான் வருந்துவதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

“எங்கள் வீட்டுப் பூடிலால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லையே” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இந்தப் புரதங்களின் அளவு வெகுவாக மாறுபடும். அவருடைய நாயிடம் குறைவாக இருக்கலாம். பூடிலை அடிக்கடி குளிப்பாட்டி முடி வெட்ட வேண்டியிருப்பதால் அதன் உடம்பு மற்ற நாய்களைவிடச் சுத்தமாக இருக்கலாம். அவருடைய உடம்பு வேறொரு புரதத்துக்கு மட்டும் எதிர்வினை காட்டுவதாக இருக்கலாம். அவருடைய அனுபவம் அவருக்கும் அவருடைய நாய்க்கும் இடையிலானது, உங்கள் கணவருக்கு அது பொருந்த வேண்டிய அவசியம் இல்லை.

சரி, இப்போது உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை அலர்ஜி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாய் உள்ள வீட்டில் தும்மினார் என்பதற்காக நாய்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த வீட்டுக் கம்பளத்தில் இருக்கும் தூசிப் பூச்சியாக இருக்கலாம், நாய் வெளியே சுற்றிவிட்டு முடியில் கொண்டுவந்த மகரந்தமாக இருக்கலாம். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் 15, 20 நிமிடத்தில் பதில் தெரியும். அதற்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும், எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையும் உண்டு.

ரத்தப் பரிசோதனை செய்தால், நாய்ப் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எல்லா இடங்களிலும் இந்த வசதி இருக்காது, இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் ‘கேன் எஃப் 5’ என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாவது. நாய் அலர்ஜி உள்ளவர்களில் ஒரு பகுதியினர் இந்த ஒன்றுக்கு மட்டும்தான் எதிர்வினை காட்டுகிறார்கள். உங்கள் கணவரும் அந்தப் பகுதியில் இருந்தால், பெண் நாய் அவருக்கு ஒத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. கருத்தடை செய்த ஆண் நாயிடமும் இந்தப் புரதம் குறைந்துவிடும். பூடிலா ஷி ஸுவா என்று யோசிப்பதைவிட, ஆணா பெண்ணா என்ற கேள்வி உங்கள் வீட்டுக்குப் பெரிதாக உதவக்கூடும்.

ஆஸ்துமாவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சளி பிடிக்கும்போது மட்டும் இன்ஹேலர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் இருமி எழுந்திருக்கிறாரா? மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா? நாய் உள்ள வீட்டுக்குப் போய்வந்த நாட்களில் மூச்சிரைப்பு வருகிறதா? இவற்றில் ஏதாவது உண்டு என்றால், ஆஸ்துமா கட்டுக்குள் வந்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்த இன நாயையும் கொண்டுவர வேண்டாம். தும்மலையும் கண் அரிப்பையும் மாத்திரையால் சமாளித்துக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். மூச்சுக்குழாய் இறுகுவதை அப்படிச் சமாளித்துப் பார்க்கக் கூடாது.

மருத்துவர் பச்சைக்கொடி காட்டினால், அடுத்தது நாயைப் பார்ப்பது. விற்பவரிடம் போய்க் குட்டியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருவதை நான் சொல்லவில்லை. நீங்கள் எடுக்க நினைக்கும் அதே நாயோடு உங்கள் கணவர் மூடிய அறையில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். அவர் கையை அது நக்கட்டும், மடியில் படுக்கட்டும். இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும். மூச்சு இறுகினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அன்று மாத்திரை போட்டுக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது, மாத்திரை போடாமல் போகலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை போதாது. வேறு வேறு நாட்களில் மூன்று நான்கு தடவை பாருங்கள், அன்றிரவும் மறுநாள் காலையும் எப்படி இருக்கிறார் என்றும் கவனியுங்கள். பல நாய்களை ஒன்றாக அடைத்திருக்கும் இடத்தில் இந்தச் சோதனை செய்தால் எந்த நாயால் தும்முகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

இதற்காகவே, குட்டியைவிட ஒன்றரை இரண்டு வயது தாண்டிய நாயைத் தேடச் சொல்கிறேன். குட்டியின் முடி வளரும்போது மாறும், சுபாவமும் மாறும். இன்று ஒத்துக்கொள்ளும் எட்டு வாரக் குட்டி வளர்ந்த பிறகும் ஒத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த நாயிடம் எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடும். நாய்க் காப்பகங்களில் சில, தத்தெடுப்பதற்கு முன் சில வாரம் நாயைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. அங்கே கலப்பின நாய் ஒன்று உங்கள் கணவருக்கு ஒத்துக்கொண்டால், பெயர்பெற்ற எந்த இனத்தைவிடவும் அதுதான் உங்களுக்கு ஏற்ற நாய். மகளுக்குக் குட்டிதான் வேண்டும் என்று இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் வளர்ந்த நாயும் இரண்டு நாளில் அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்துவிடும்.

விற்பவர் சொன்ன 15 நாள் கணக்கைப் பற்றி எனக்கு மிகவும் கவலை. என்னிடம் ஒரு குடும்பம் வெள்ளை வெளேரென்ற பிஷான் ஃப்ரீசே நாயைக் கூட்டிவந்தது. வீட்டு அம்மாவுக்கு அலர்ஜி, அதனால்தான் இந்த இனத்தை வாங்கியிருந்தார்கள். முதல் மூன்று வாரம் ஒன்றும் இல்லை. குட்டி சின்னது, வீடு முழுக்க அதன் செதிலும் எச்சிலும் படியவில்லை. அப்புறம் இரவில் இருமல் தொடங்கியது. நாயைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினார்கள், கூடத்திலிருந்து பால்கனிக்கு மாற்றினார்கள். எட்டாவது மாதம் என் அறையில் நின்றார்கள். அதற்குள் அந்த நாய் பால்கனியில் தனியாகக் குரைத்துக் குரைத்து, ஆள் நகர்ந்தாலே நடுங்கும் நிலைக்கு வந்திருந்தது. பையன் உள்ளே வரவில்லை, வாசலிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். யார் மேலும் தப்பு இல்லை. எல்லோருமே ஆசையோடு வாங்கியவர்கள்தான். ஆனால் மாதக்கணக்கில் சேர்ந்து வளரும் தொல்லையை 15 நாளில் கண்டுபிடிக்க முடியாது. நாயை அனுப்பிய பிறகும் தொல்லை உடனே நிற்காது, மெத்தையிலும் சோஃபாவிலும் படிந்தது குறைய மாதங்கள் ஆகும்.

எல்லாம் ஒத்துவந்து ஒரு நாய் வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வரும் முதல் நாளிலிருந்தே உங்கள் படுக்கையறைக் கதவு அதற்கு மூடியிருக்க வேண்டும். பத்து நாள் செல்லம் கொடுத்துவிட்டுப் பிறகு விரட்டினால் அது நாய்க்குப் புரியாது. கணவர் இரவில் ஏழெட்டு மணி நேரம் அந்தப் புரதம் குறைந்த காற்றைச் சுவாசிக்கிறார் என்பதே பெரிய நிவாரணம். அந்த அறையில், நுண்ணிய துகள்களையும் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தால் நல்லது. கம்பளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத் துணியால் துடைப்பது மேல்.

குளிப்பாட்டுவது உதவும், ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி. நாயைக் குளிப்பாட்டினால் கேன் எஃப் 1 நன்றாகக் குறைகிறது, ஆனால் அது சில நாளிலேயே பழையபடி ஏறிவிடுவதால் வாரம் இரண்டு முறை குளிப்பாட்ட வேண்டும் என்று 1999-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அவ்வளவு அடிக்கடி என்றால் நாயின் தோல் வறளும். மனிதர்களின் ஷாம்பூ வேண்டவே வேண்டாம். நாய்களுக்கான மென்மையான ஷாம்பூவாகப் பார்த்து, நன்றாக அலசி, அடி முடி வரை உலர்த்துங்கள். இந்த வேலையும் முடி வாரும் வேலையும் உங்களுடையது, கணவருடையது அல்ல. வீட்டுக்கு வெளியே வைத்து முடியை வாருங்கள். கணவர் நாயைத் தொட்டால் கை கழுவும்வரை கண்ணைத் தொடக் கூடாது. சின்ன நாய் என்றால் வாரம் இரண்டு குளியல் நடக்கும், 25 கிலோ நாய் என்றால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். சின்ன உருவ நாயை நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

இனத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ பட்டியல்களில் வரும் நாய்கள் நல்ல நாய்கள்தான், அலர்ஜிக்காக அல்லாமல் அவற்றின் குணத்துக்காகப் பாருங்கள். பூடில் மிகவும் புத்திசாலி. நாள் முழுக்கத் தனியாக விட்டால் ஏங்கிப்போகும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்ட வேண்டும், இடையில் வாராவிட்டால் சிக்கு விழுந்து தோல் புண்ணாகும். பிஷானும் மால்டீஸும் அப்படித்தான். ஷி ஸு அமைதியான நாய், ஆனால் முகம் சப்பையாக இருப்பதால் சூட்டில் மூச்சுத் திணறும், கண்ணில் அடிக்கடி தொந்தரவு வரும். மினியேச்சர் ஷ்னாட்ஸர் விளையாட்டுக்குச் சளைக்காது, 9 வயதுப் பெண்ணுக்கு நல்ல தோழன். கொழுப்புள்ள சாப்பாடு கொடுத்தால் அதற்குக் கணைய வீக்கம் வரும் என்பதை மறக்கக் கூடாது. முடியில்லாத நாய்களைச் சிலர் தேடிப்போகிறார்கள். அவற்றுக்கு வெயிலில் தோல் வெந்துபோகும், தோலுக்குத் தினசரிக் கவனிப்பு வேண்டும், அலர்ஜிப் புரதமும் இருக்கவே செய்யும்.

பரிசோதனையில் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் மகளிடம் என்ன சொல்வது என்று உங்களுக்குக் கவலையாக இருக்கும். இப்போதே அவளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு உட்கார்ந்து, எத்தனை நிமிடத்தில் தும்மினார், எத்தனை தடவை கண்ணைக் கசக்கினார் என்று நோட்டில் எழுதும் வேலையை அவளிடம் கொடுங்கள். தானே எழுதிய கணக்கு என்றால் 9 வயதுப் பிள்ளைக்குப் புரியும். அதுவரை எந்த நாய்க்கும் பெயர் வைக்க வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இம்யூனோதெரபி என்று அலர்ஜிக்கு மூன்று முதல் ஐந்து வருடம் நீளும் ஒரு சிகிச்சையும் இருக்கிறது. நாய் அலர்ஜிக்கு அது எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை, உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்று அலர்ஜி மருத்துவரிடம் கேளுங்கள்.

குட்டி விற்பவரிடம் இந்த வாரம் இரண்டு விஷயம் மட்டும் கேட்டுப் பாருங்கள். குட்டியின் தாயோடும் தகப்பனோடும் உங்கள் கணவர் ஒரு மணி நேரம் தனி அறையில் இருக்கலாமா? பரிசோதனை எல்லாம் முடிந்து ஒருவேளை குட்டியை எடுத்தால், ஒத்துவராதபோது எத்தனை மாதம் கழித்தும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தருவாரா? இரண்டில் ஒன்றுக்குத் தயங்கினாலும் அவரை விட்டுவிடுங்கள். மருத்துவர் தரும் அறிக்கையை எனக்கு அனுப்பிவையுங்கள். கேன் எஃப் 5 மட்டும்தான் என்று வந்தால், எப்படிப்பட்ட பெண் நாயைத் தேடலாம் என்று நாம் சேர்ந்தே பார்ப்போம்.